பிக்கப்பில் ரைஃபிள், இடுப்பில் பிஸ்டல்: வண்டிக்கு எது பொருந்தும்?

அமெரிக்காவின் டெக்சஸிலும் மொன்டானாவிலும் பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியை ஒட்டி ஒரு சட்டம் அடித்து, அதில் ரைஃபிளைப் படுக்கவைத்துக்கொண்டு போவது பழைய வழக்கம். 'டிரக் கன்' என்றே அதற்குப் பெயர். பெரும்பாலும் அது ஒரு வின்செஸ்டர் 94 ஆக இருக்கும்: .30-30 தோட்டா, 20 அங்குலக் குழல், முழு நீளம் சுமார் 38 அங்குலம், எடை மூன்று கிலோ. அதற்கு இருந்த வேலை கொயோட்டி எனும் காட்டுநாயை விரட்டுவது, காட்டுப்பன்றியைச் சுடுவது, கால் முறிந்து கிடக்கும் மாட்டின் வேதனையை முடிப்பது. மனிதரை மனத்தில் வைத்து யாரும் அதை மாட்டவில்லை. இன்று அந்த இடத்தில் ஏ.ஆர்-15 என்ற அரைத்தானியங்கி ரைஃபிள் வந்து உட்கார்ந்திருக்கிறது. காரணமும் தற்காப்பு என்று மாறிவிட்டது.

தற்காப்புக்கு என்று வரும்போது ரைஃபிள் மட்டும் களத்தில் இல்லை. இடுப்பில் பிஸ்டல், மடக்கும் 9 மி.மீ. கார்பைன் எனும் குட்டை ரைஃபிள், குழல் குறைந்த ஏ.ஆர், பம்ப் ஷாட்கன் எல்லாம் போட்டிக்கு நிற்கின்றன. ஆயுதமே இல்லாமல் ஆக்சிலரேட்டரை மிதித்துப் போய்விடுவதும் ஒரு வழிதான். ஓடும் வண்டியில் இருப்பவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அது மேல்.

கைக்கு எட்டுமா?

வண்டியைப் பறிக்க வருபவன் பெட்ரோல் பங்கிலும் சிக்னலிலும் கதவோரம் நிற்பான். தூரம் ஓரிரு அடி. 16 அங்குலக் குழல் கொண்ட ஏ.ஆர்-15, தோளில் அணைக்கும் பின்கட்டையை உள்ளே தள்ளினாலும் சுமார் 32 அங்குலம் இருக்கும். அதைப் பின்சீட்டுக்கு அடியிலிருந்து உருவி, ஸ்டியரிங்குக்கும் மார்புக்கும் நடுவே கொண்டுவந்து, ஓட்டுநர் பக்க ஜன்னலுக்குத் திருப்ப வேண்டும். நடுவில் குழல் பக்கத்து சீட்டில் இருப்பவரின் நெஞ்சைக் கடந்துதான் போகும். மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்திருக்கும் இடம் அது. பூட்டிய பெட்டியில் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். சாவியைத் தேடி முடிப்பதற்குள் வண்டி போயிருக்கும். இடுப்பு உறையில் இருக்கும் பிஸ்டலைப் பயிற்சி உள்ளவர் இரண்டு நொடியில் எடுத்துவிடுவார். அதிலும் சீட் பெல்ட் உறைமேல் குறுக்கே கிடந்தால் சிக்கும். பெல்ட்டின் இடுப்புப் பட்டையை உறைக்குக் கீழே செலுத்திப் பழகியிருக்க வேண்டும்.

வண்டியை விட்டு இறங்கிவிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. 2022 ஜூலை 17 அன்று இந்தியானாவின் கிரீன்வுட் பார்க் மாலில் ஒருவன் ரைஃபிளால் சுடத் தொடங்கினான். 22 வயது எலைஷா டிக்கன் இடுப்பிலிருந்த பிஸ்டலால் ஏறத்தாழ 40 கெஜத்திலிருந்து பத்து குண்டு சுட்டு, எட்டைப் படவைத்தார். அவன் சுடத் தொடங்கி 15 நொடிக்குள் எல்லாம் முடிந்தது. 2019 டிசம்பரில் டெக்சஸின் ஒயிட் செட்டில்மென்ட் தேவாலயத்தில் நடந்தது ஆறே நொடி; அங்கும் பிஸ்டல்தான். இரண்டு இடத்திலும் பார்க்கிங்கில் ஒரு ரைஃபிள் இருந்திருந்தால் அது பார்க்கிங்கிலேயே இருந்திருக்கும். ரைஃபிள் வண்டியோடு இருக்கிறது. நீங்கள் எப்போதும் வண்டியோடு இருப்பதில்லை.

ரைஃபிளுக்குச் சாதகமாக எல்லோரும் எடுத்துவைப்பது சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ். 2017 நவம்பர் 5 அன்று அந்த டெக்சஸ் தேவாலயத்தில் 26 உயிர்களைப் பறித்தவன் மார்புக்கவசம் அணிந்திருந்தான். அருகே குடியிருந்த ஸ்டீபன் வில்லிஃபோர்ட் வெறுங்காலோடு ஓடிவந்து ஏ.ஆர்-15 கொண்டு அவனைக் காயப்படுத்தி விரட்டினார். பிஸ்டலால் அது நடந்திருக்கும் என்று சொல்வது கடினம். ஆனால் அந்த ரைஃபிள் வந்தது அவர் வீட்டுப் பெட்டகத்திலிருந்து, வண்டியிலிருந்து அல்ல.

குண்டின் பலத்தில் ரைஃபிளுக்கு நிகர் கிடையாது, அதை மறுப்பதற்கில்லை. 9 மி.மீ. பிஸ்டல் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால், 16 அங்குலக் குழலிலிருந்து ஏ.ஆரின் 5.56 மி.மீ. குண்டு 900 மீட்டருக்கு மேல் போகிறது. பிஸ்டல் குண்டைத் தாங்கும் துணிக்கவசத்தை அது துளைத்துவிடும். தோளில் அணைத்துச் சுடுவதால் குறியும் எளிது. 1997 பிப்ரவரி 28 அன்று நார்த் ஹாலிவுட் வங்கிக் கொள்ளையில் கவசம் அணிந்த இருவர் முன்னால் போலீஸாரின் பிஸ்டலும் ஷாட்கனும் எடுபடாமல், பக்கத்துத் துப்பாக்கிக் கடையில் போய் ரைஃபிள் கேட்டு வாங்கினார்கள். ரோந்து வண்டியில் ரைஃபிள் பரவலானதில் அந்த நாளுக்குப் பெரிய பங்கு உண்டு.

'போலீஸ் வைத்திருக்கிறதே' என்ற வாதம் இங்கேதான் இடறுகிறது. போலீஸ்காரரின் வேலை ஆபத்தை நோக்கிப் போவது. சீருடை இருக்கிறது, 'ரைஃபிளோடு இருப்பவர் நம்ம ஆள்' என்று சொல்ல ரேடியோ இருக்கிறது. குடிமகனுக்கு இரண்டும் இல்லை. 2021 ஜூன் 21 அன்று கொலராடோவின் அர்வாடாவில், போலீஸ் அதிகாரியைக் கொன்றவனை ஜானி ஹர்லி தன் பிஸ்டலால் சுட்டு வீழ்த்தினார். பிறகு அவனுடைய ஏ.ஆர்-15-ஐக் கையில் எடுத்தார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்த இன்னொரு அதிகாரி, கொலைகாரன் என்று நினைத்து அவரைச் சுட்டுக் கொன்றார். பிஸ்டலை ஒரு நொடியில் உறைக்குள் போட்டுவிடலாம். ரைஃபிளை எங்கே ஒளிப்பது?

நடுவில் நிற்பவை

நீளம்தான் சிக்கல் என்றால் குறைத்துவிடலாமே என்று குட்டை ஏ.ஆர் பக்கம் போகிறவர்கள் உண்டு. 10.5 அங்குலக் குழலில் 5.56-இன் வேகம் நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். குழல் வாயில் எழும் வெடிப்பு மட்டும் இரண்டு பங்கு ஆனதுபோல் முகத்தில் அறையும். 140 டெசிபலுக்கு மேல் எந்தச் சத்தமும் காதை ஒரே அடியில் கெடுக்கலாம். இது 160-ஐத் தாண்டும், அதுவும் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள். பின்கட்டையை மடக்கும் இணைப்பு போட்டால் இன்னொரு கோளாறு: ஏ.ஆரின் போல்ட் (தோட்டாவை ஏற்றி அடைக்கும் உள்பாகம்) பின்கட்டையின் குழாய்க்குள் போய்வர வேண்டும் என்பதால், சாதாரண இணைப்பில் மடித்த நிலையில் தொடர்ந்து சுட முடியாது. முதலில் விரிக்க வேண்டும்.

கெல்-டெக் சப்-2000 போன்ற 9 மி.மீ. கார்பைன் பாதியாக மடிந்து 16¼ அங்குலம் ஆகிவிடும், எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. லேப்டாப் பையில் அடங்கும். இடுப்பிலுள்ள பிஸ்டலின் குண்டு அடுக்கும் மேகசினே இதற்கும் பொருந்துகிற மாடலை வாங்கினால் குண்டுக் கணக்கும் ஒன்றாகிவிடும். ஆனாலும் சுடுவது பிஸ்டல் குண்டுதான். கவசத்தைப் பொறுத்தவரை பிஸ்டலுக்கு இருக்கும் குறை இதற்கும் உண்டு. கூடுவது குறியின் சுலபம் மட்டுமே.

ஷாட்கனை நீட்டிப் பேச வேண்டியதில்லை. ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 இரண்டிலும் சேஃப்டி டிரிகரை மட்டும்தான் தடுக்கிறது. சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) குண்டோடு குலுங்கி விழுந்தால் வெடிக்கக்கூடும். குழாய் மேகசினில் மாதக்கணக்கில் ஸ்பிரிங் அழுத்தத்திலும் வண்டிச் சூட்டிலும் கிடக்கும் குண்டின் பிளாஸ்டிக் உறை பிதுங்கும். பிதுங்கியது சேம்பரில் ஏறாது. பாம்புக்கும் நரிக்கும் சரி.

வண்டிக்குள் கிடக்கும் ரைஃபிளுக்கு என்ன ஆகிறது

வெளியே 38 டிகிரி என்றால் வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 46, 47 ஆகிறது. டேஷ்போர்டு எழுபதைத் தொடும். தோட்டா அந்தச் சூட்டில் வெடிக்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் வெந்தால் மருந்து சீக்கிரம் கெடும். வருடம் ஒருமுறை பழையதைச் சுட்டுத் தீர்த்துப் புதிது போட்டால் போதும். உண்மையில் சாவது ரெட் டாட் எனும் சிவப்புப் புள்ளிக் குறிக்கருவியின் பேட்டரி. சி.ஆர்.2032 வகையின் வரம்பு பொதுவாக 60 டிகிரி. பிறந்தநாளோ புத்தாண்டோ, ஒரு தேதி வைத்து மாற்ற வேண்டும்; இரும்புக் குறிமுள்ளும் கூடவே இருக்க வேண்டும்.

சூட்டைவிட மோசமானது குலுக்கல். மண்பாதையில் மூன்று மாதம் ஓடினால் குறிக்கருவியின் திருகுகள் தளரும். திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கி, திருகின் தலையிலிருந்து அடிப்பாகம் வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால் நகர்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். 50 கெஜத்தில் குறி சரிபார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தூசி எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகும். சுட்ட தோட்டாக்கூடு வெளியேறும் எஜெக்‌ஷன் துவாரத்தின் மூடி மூடியே இருக்கட்டும், குழல் வாயில் ஒரு டேப். குளிர்நாட்டில் சில்லிட்ட ரைஃபிளை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்த்துவிடும். நுரைப்பஞ்சு வைத்த உறையில் அப்படியே விட்டால் அந்த ஈரம் உள்ளேயே நின்று ஒரு வாரத்தில் துரு.

சேம்பரில் குண்டு வைத்துக்கொண்டு ரைஃபிளை வண்டியில் வைக்கக் கூடாது. ஏ.ஆர்-15-இன் சுடும் ஊசிக்குத் தடுப்பு கிடையாது. தன் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆடும். போல்ட்டை மூடும்போதே தோட்டாவின் பின்புறத்தில் ஒரு சிறு குழி விழுவது அதனால்தான். சேம்பர் காலி, மேகசின் உள்ளே, சேஃப்டி ஆன் என்பதே காவல் வண்டிகளின் வழக்கம். சிலர் டிரிகரைத் தட்டி, ஊசியை அடிக்கும் ஹேமரை இறக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஏ.ஆரில் சேஃப்டியைத் திருப்ப முடியாது. பிறகு குண்டேற்றும் கணத்தில் ரைஃபிள் சுடும் நிலையிலேயே கைக்கு வரும்.

இன்னொன்று, வீட்டில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாத தவறு. ஏ.ஆரின் குறிக்கண்ணாடி குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருக்கிறது. பானெட்டுக்குப் பின்னால் குனிந்து பார்ப்பவருக்குக் கண்ணாடியில் எதிரே வெட்டவெளி. குழலுக்கு எதிரே தன் வண்டியின் தகடு. முதல் குண்டு சொந்த பானெட்டில் இறங்கும். முன்கண்ணாடி வழியே சுடுவதும் அப்படித்தான்: இரண்டு அடுக்கு ஒட்டுக்கண்ணாடி என்பதால் குண்டு திசை மாறும், கண்ணாடித் தூள் கண்ணில் பறக்கும்.

ஆளில்லா நேரம்

கார் நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் நிற்கிறது. ரைஃபிள் உங்களுக்குப் பயன்படக்கூடிய நேரத்தைவிடத் திருடனுக்குக் கிடைக்கக்கூடிய நேரம் பல மடங்கு. டென்னசியின் நாஷ்வில் என்ற ஒரே நகரில் 2022-இல் வண்டிகளிலிருந்து திருடப்பட்ட துப்பாக்கிகள் ஆயிரத்துக்கும் மேல். 2015-இல் சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுக மேடையில் ஒரு பெண்ணைக் கொன்ற குண்டு, நான்கு நாள் முன்பு ஒரு மத்திய அரசு ரேஞ்சரின் காரிலிருந்து களவுபோன பிஸ்டலிலிருந்து வந்தது. பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டுவது திருடனுக்கு வைக்கும் அழைப்பிதழ்.

வைத்தே தீருவேன் என்பவருக்குக் கேபிள் பூட்டு போதாது. பெரிய கட்டர் அதை நூல்போல் நறுக்கும். 12 கேஜ் எஃகுப் பெட்டி (ஏறக்குறைய 2.7 மி.மீ. தகடு), பின்சீட்டுக்கு அடியில், வண்டியின் சட்டத்தோடு நான்கு போல்ட், நட்டு பெட்டிக்கு உள்பக்கம் இருக்கும்படி. எலெக்ட்ரானிக் பூட்டைவிட அழுத்துபட்டன் இயந்திரப் பூட்டு நல்லது, வெயிலில் பேட்டரி சாகும் பிரச்சினை இல்லை. இந்த அளவுக்குப் பூட்டினால் அவசரத்துக்கு எடுக்க முடியாது என்பது உண்மை. எடுக்க வசதியாக வைத்தால் திருடனுக்கும் வசதி. இந்த முடிச்சை அவிழ்க்கும் பெட்டி இன்னும் சந்தைக்கு வரவில்லை.

சட்டத்தின் கண்ணில்

பிஸ்டல் உரிமம் கையில் இருந்தால் ரைஃபிளும் அதில் அடங்கும் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. பென்சில்வேனியா, விஸ்கான்சின், வாஷிங்டன் மாநிலங்களில் குண்டேற்றிய பிஸ்டலோடு உரிமக்காரர் காரில் போகலாம். குண்டேற்றிய ரைஃபிளோடு போனால் குற்றம். வாஷிங்டனில் நிறைந்த மேகசினைச் செருகினாலே குண்டேற்றியது என்று கணக்கு. கொலராடோவில் சேம்பர் காலியாக இருக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் ஆளில்லா வண்டியில் விட்டுப்போவதற்கும் பூட்டு விதி வந்துவிட்டது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் சாதாரண வடிவ ஏ.ஆர்-15 வைத்திருப்பதே தடை. டெக்சஸ் இவற்றுக்கெல்லாம் நேர்மாறு.

மாநிலம் தாண்டினால் 1986-ஆம் ஆண்டு மத்திய சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால் வழியில் கொண்டுபோகலாம். ஆனால் குண்டு நீக்கி, கைக்கு எட்டாமல். தனி டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டியில், அதுவும் கிளவ் பாக்ஸ் ஆகாது. தற்காப்புக்கு உதவாத நிலையில்தான் அந்தப் பாதுகாப்பே. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் அந்த மாநிலத்தின் உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைக் குண்டு நீக்கிப் பூட்டி வைத்திருக்க வேண்டும். 'உரிமமே தேவையில்லை' என்று மாநிலம் அறிவித்திருப்பதை மத்திய சட்டம் உரிமமாக ஏற்காது. குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிளுக்கு 200 டாலர் வரி 2026 ஜனவரியில் பூஜ்யமாகிவிட்டது. பதிவும், மாநிலம் தாண்ட முன் அனுமதியும் அப்படியே இருக்கின்றன. எல்லை நகரமான எல் பாசோவில் தவறான தடத்தில் ஏறி மெக்ஸிகோ பாலத்துக்குள் போய்விட்டால், சீட்டுக்கடியில் உருண்டு கிடக்கும் ஒற்றைத் தோட்டாவே சிறைக்கு வழி.

டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கும் நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பரின் பிக்கப்பை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி ஓட்டும்போது பின்சீட்டுக்கடியில் ரைஃபிள் இருப்பது தெரிந்தே ஓட்டினாலும் சிக்கல் உங்களுடையதுதான். கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை.

யாருக்கு எது

நகரத்தில் வேலை, கடை, பள்ளி என்று ஓடுபவருக்கு வண்டி ரைஃபிள் வேண்டாம். உரிமமும் பயிற்சியும் இருந்தால் உடலோடு ஒட்டிய பிஸ்டல். இல்லையென்றால் மிளகு ஸ்பிரேயும், முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரம் தரையில் தெரியும் அளவுக்கு சிக்னலில் இடம் விட்டு நிற்கும் பழக்கமும். ஒடித்துத் திருப்பிப் போக அந்த இடைவெளி போதும். போலீஸ் வர முக்கால் மணி ஆகும் பண்ணையில் இருப்பவருக்கு ரைஃபிள் நியாயமான கருவி. அதுவும் முதலில் பன்றிக்கும் கொயோட்டிக்கும்தான். அவர் போல்ட் அடித்த பெட்டியில், சேம்பர் காலியாக வைத்துக்கொள்ளட்டும். ஊருக்குள் வந்து ஹோட்டலில் தங்கும் இரவில் கிட்டார் பைக்குள் போட்டு அறைக்குத் தூக்கிப் போகட்டும். அந்தப் பையைச் சுமக்கச் சோம்பல் என்றால் அன்றைக்கு ரைஃபிள் வீட்டிலேயே இருக்கட்டும்.