20 ரூவா ஸ்டிங், 125 ரூவா ரெட்புல்: ரெண்டையும் குடிச்சுப் பாத்தாச்சு

எங்க ஏரியா பெட்டிக்கடை ஃப்ரிட்ஜ்ல கோலா எல்லாம் கீழ்த்தட்டுக்கு போயிடுச்சு, கண்ணுக்கு நேரா இருக்கறது செவப்பு செவப்பா ஸ்டிங்ங்கற எனர்ஜி டிரிங்க் பாட்டில்தான். அதே மாதிரி எனர்ஜி டிரிங்கான ரெட்புல் மட்டும் சூப்பர்மார்க்கெட் பக்கம் போனாத்தான் கெடைக்குது, 250 மில்லி டின் 125 ரூவா கிட்ட. ரெண்டையும் வாங்கி குடிச்சு லேபிளையும் உக்காந்து படிச்சுட்டுதான் எழுதறேன்.

ருசி பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்டிங் குடிச்சா இருமல் டானிக்ல சோடா கலந்த மாதிரி இருக்கு, தித்திப்பு நாக்குலயே ஒட்டிக்குது. ரெட்புல்ல கொஞ்சம் புளிப்பு சேர்ந்து வரும், அது பரவால்ல. ஜில்லுப்பு போச்சுன்னா ரெண்டையும் வாயில வைக்க முடியாது.

இப்ப மேட்டருக்கு வரேன். ஸ்டிங் 250 மில்லி பாட்டில்ல காஃபின் 72 மில்லிகிராம். ரெட்புல்ல வெளிநாட்டுல அதே அளவுக்கு 80 போடறாங்க, ஆனா நம்ம ஊர் உணவுப் பாதுகாப்பு அமைப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ ரூல்படி லிட்டருக்கு 300 மில்லிகிராம்தான் லிமிட், அப்போ இங்க 250 மில்லிக்கு 75ஐ தாண்டக்கூடாது. ஆக நூறு ரூவாய்க்கு மேல எக்ஸ்ட்ரா குடுத்து நீங்க வாங்கறது மிஞ்சிப்போனா 3 மில்லிகிராம் காஃபின், மீதி எல்லாம் டின்னுக்கும் விளம்பரத்துக்கும்தான். நல்லா ஸ்ட்ராங்கா ஒரு ஃபில்டர் காபி போட்டாலே ஏறக்குறைய இந்த அளவுக்கு வந்துடும், அதுக்கு யாரும் ரெட்புல் விளம்பரம் மாதிரி ரெக்கை முளைக்கும்னு சொல்றதில்ல.

சரி, டாரின்ங்கற அமினோ அமிலம், வைட்டமின் எல்லாம் இருக்கேன்னு கேப்பீங்க. ரெட்புல் டின்ல டாரின் 1000 மில்லிகிராம் இருக்கு, உண்மைதான், ஆனா அத நம்ம ஒடம்பே தயாரிக்குது, மீன் கறி சாப்பிட்டாலும் வருது. பி வைட்டமின் கொறைவா இருக்கறவங்களுக்குத்தான் அத ஏத்தி பிரயோஜனம், மத்தவங்களுக்கு தேவைக்கு மேல போறதுல பெரும்பங்கு ஒண்ணுக்குலயே போயிடும். எனர்ஜின்னு பேருல இருக்கே தவிர காஃபின் ஒடம்புக்கு சக்தி குடுக்கறதில்லங்க, களைச்சிருக்கோம்னு மூளைக்கு போற சிக்னல கொஞ்ச நேரம் மறைச்சு வைக்குது, அவ்ளோதான். நெஜமான கலோரி வர்ற எடம் சர்க்கரை. ரெட்புல் ஒரு டின்ல 27 கிராம், கிட்டத்தட்ட 7 ஸ்பூன், உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது, ஒரே டின்ல கோட்டா ஓவர்.

விளையாடிட்டு வேர்த்து ஊத்தும்போது இத குடிக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு புரியவே மாட்டேங்குது. அந்த நேரம் வேண்டியது தண்ணியும் உப்பும். ஒரு முழு லிட்டர் ஓஆர்எஸ்ல குளுக்கோஸ் 13.5 கிராம்தான், இந்த கால் லிட்டர் டின்ல அதுக்கு டபுளா சர்க்கரை. மோர்ல உப்பு போட்டு குடிச்சுட்டு போங்கப்பா.

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரைக்கும் பிரச்சனை இல்லன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல சொல்லிருக்கு, அதனால ஆபீஸ்ல என்னிக்காவது ஒண்ணு குடிக்கறவங்க பயப்பட வேண்டாம். பிபி இருக்கறவங்க, படபடப்பு வர்றவங்க, மாசமா இருக்கறவங்க இந்தப் பக்கமே வராதீங்க. குடிச்ச காஃபின்ல பாதி எறங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சாயங்காலம் 6 மணிக்கு அடிச்சா 11 மணிக்கும் பாதி உள்ளதான் இருக்கும், அப்புறம் தூக்கம் வரலன்னு ராத்திரி ரீல்ஸ் பாத்துட்டு காலைல மறுபடி ஒரு பாட்டில். சரக்குல கலக்கற கூட்டத்துக்கும் ஒண்ணு, போதை கொறையாது, கொறைஞ்ச மாதிரி தோணும், அந்த தைரியத்துல வண்டிய எடுக்காதீங்க.

என் கோவம் எல்லாம் அந்த 20 ரூவா மேலதான். மேல சொன்ன ஐரோப்பிய ஆணையம் பசங்களுக்கு காஃபின் ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம்னு கணக்கு வெச்சிருக்கு. 25 கிலோ இருக்கற மூணாங்கிளாஸ் பையனுக்கு நாள் முழுக்க 75, ஒரு ஸ்டிங் உள்ள போனா 72 காலி, அதுக்கப்புறம் காபி டீ கோலா எதுவுமே தொடக்கூடாது. குழந்தைங்களுக்கு வேண்டாம்னு லேபிள்லயே போட்டிருக்கு, நான் கண்ணாடிய கழட்டி கிட்ட வெச்சுதான் படிச்சேன், பையன் எங்க படிக்கப் போறான். பத்து பத்து ரூவா போட்டு ரெண்டு வாண்டுங்க வாங்கறத கடைக்காரர் பாத்துட்டே மூடிய தொறந்து குடுக்கறார். ஐரோப்பாவுல லிதுவேனியா 2014லயே எனர்ஜி டிரிங்க 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு விக்கறத தடை பண்ணிடுச்சு, போலந்து 2024 ஜனவரி 1ல இருந்து. இங்க கடையில வயசு கேட்டு நான் பாத்ததே இல்ல.

என் மார்க்: ரெட்புல் அஞ்சுக்கு ரெண்டு, ஸ்டிங்குக்கு ஒண்ணரை. குடிச்சே ஆகணும்னா சுகர்ஃப்ரீ ரெட்புல் வாங்குங்க, சர்க்கரையாவது மிச்சம், காஃபின் அதுலயும் அதே அளவுதான், அதனால மத்தியானத்தோட நிறுத்திக்கோங்க.