முயலுக்குக் கிளை வெட்டப் போகிறீர்களா? மல்பெரி, கொய்யா, முருங்கை: ஓர் ஒப்பீடு

வளர்ப்பு முயலுக்குப் புல்தான் சோறு. தழையும் கிளையும் தொடுகறி. இந்தக் கணக்கு மாறினால் எந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது நாள் முழுக்க அரைக்கும் புல். கிளையைக் கடிப்பது முன்பற்களுக்கு உதவும், கூண்டுக் கம்பியைக் கடிக்கும் பழக்கத்தையும் குறைக்கும். அதனால் அருகம்புல்லோ காய்ந்த புல்லோ எந்நேரமும் முன்னால் இருக்கட்டும். அதன்பிறகுதான் எந்தக் கிளை என்ற பேச்சு.

தமிழ்நாட்டில் வீட்டைச் சுற்றிச் சுலபமாகக் கிடைப்பவை முருங்கை, கொய்யா, மல்பெரி. மூன்றும் கொடுக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் நட்டு வளர்க்க இடம் இருக்கிறது என்றால் மல்பெரி என்பதே என் பதில்.

முருங்கைக்கீரையை முயல் விரும்பித் தின்னும். புரதமும் அதிகம், கால்சியமும் அதிகம். இந்தக் கால்சியத்தில்தான் சிக்கல். பெரும்பாலான விலங்குகள் கால்சியத்தைத் தேவைக்கேற்ப உறிஞ்சும். முயலோ தீனியில் உள்ளதில் பெரும்பங்கை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். சிறுநீர் காய்ந்த இடத்தில் கொஞ்சம் வெண்மை படிவது இயல்பு. அதுவே பசை மாதிரி கெட்டியாக வந்தாலோ, முயல் முக்கிக்கொண்டு உட்கார்ந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அதனால் வளர்ந்த முயலுக்கு முருங்கைக்கீரை வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு சின்னக் கொத்து போதும். கீரையைக் குறைத்துவிட்டால் முருங்கையில் மிஞ்சுவது எதுவும் இல்லை. கட்டை பஞ்சு போல மெத்தென்றிருக்கும், பல்லுக்கு வேலை தராது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும் மரம் என்பதால் கீரையை உதறிப் பார்க்காமல் போடவே கூடாது. அகத்தியையும் இதே கணக்கில் வையுங்கள்.

கொய்யாவின் பலம் அதன் கட்டை. கெட்டியானது, வழவழப்பானது, சிலாம்பு ஏறாது. விரல் பருமனில் ஒரு சாண் நீளம் நறுக்கிப் போட்டால் பல நாள் கடிபடும். இலை துவர்ப்பு என்பதால் இளந்தளிரைத் தின்றுவிட்டு முற்றிய இலையை ஒதுக்கிவிடும் முயல்கள் உண்டு. கழிச்சலுக்குக் கொய்யா இலை நல்லது என்று சொல்வார்கள். முயலுக்கு நீராகக் கழிந்தால் அது அவசர நிலை, இலையை நம்பி ஒரு நாளைக் கடத்தக் கூடாது. கொய்யாவின் குறை, வெட்டினால் மீண்டும் தழைய நாளாகும் என்பது. காய்க்கிற மரத்தை ஓயாமல் வெட்டவும் மனம் வராது.

மல்பெரி முன்னால் நிற்பது இங்கேதான். வெட்ட வெட்டத் தழையும் செடி அது. பட்டுப்புழுவுக்காக மல்பெரி வளர்க்கும் விவசாயிகள் வி-1 என்ற ரகத்தை நீர் பாய்ச்சி வருஷத்துக்கு ஐந்து முறை வரை அறுவடை எடுக்கிறார்கள். தொட்டியில் அவ்வளவு வேகம் வராது. ஆனாலும் நாலைந்து செடி இருந்தால் முறை வைத்து வெட்டி ஆண்டு முழுக்க ஓட்டலாம். இலை, பட்டை, கட்டை மூன்றும் பயன்படும். குச்சியை ஒரு முனையில் கடித்து இழுத்தால் பட்டை நாராக உரியும்; முயல் அந்த நாரைத்தான் முதலில் முடிக்கும், பிறகு வெள்ளைக் கட்டையைச் சுரண்டும். கால்சியத்தில் மல்பெரி இலையும் சளைத்ததல்ல. இரண்டு கிலோ முயலுக்கு நடுத்தர இலை ஐந்தாறு போதும், தினமும் வேண்டாம். ஆனால் இலை தராத நாளில் இலையை உருவிய குச்சியைத் தரலாம். இந்த வசதி முருங்கையில் கிடையாது.

நடுவதும் எளிது. ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய, பென்சில் பருமனான குச்சியில் மூன்று நான்கு கணு வருமாறு நறுக்கி, ஒரு கணு மட்டும் வெளியே தெரியச் சாய்த்து நடுங்கள். கணுவில் உள்ள மொட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக நட்ட குச்சி பெரும்பாலும் காய்ந்துவிடும். முதல் வெட்டுக்கு நாலு மாதமாவது பொறுங்கள். எதிரி மாவுப்பூச்சி. 2008 வாக்கில் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரித் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 2010இல் ஒட்டுண்ணிக் குளவியை இறக்குமதி செய்து விட்ட பிறகே அது அடங்கியது. வீட்டில் என்றால் சுருண்ட நுனியை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். மருந்தடிக்காத தழை என்ற உறுதிக்காகத்தான் சொந்தச் செடியே வைக்கிறோம். வெளியே வாங்குவதானால் பட்டுப்புழு வளர்க்கும் தோட்டம் ஓரளவு நம்பகமானது, மருந்து பட்ட இலை புழுவையே கொன்றுவிடும் என்பதால். அப்படியும் கடைசியாக என்றைக்கு மருந்தடித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் வடியும் செடி ஆகாது என்பது எருக்கு, கள்ளி, மஞ்சள் அரளி விஷயத்தில் நல்ல விதி. மல்பெரி அதற்கு விதிவிலக்கு. செவ்வரளி, ஆமணக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி, மரவள்ளி இலை, மணி பிளான்ட் எதுவும் கூடாது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் பிளம்ஸ், பீச் கிளைகளையும் வெண்ணெய்ப்பழ இலையையும் தவிர்க்க வேண்டும்; பேரிக்காய்க் குச்சி தரலாம். முயலால் வாந்தியெடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான்.

அதிகம் பேர் ஏமாறுவது சவுண்டலில் (சூபாபுல்). பார்வைக்கு வேலிமசால் மாதிரியே இருக்கும். வேலிமசால் நல்ல தீவனம். சவுண்டலில் உள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் முயலுக்கு முடி கொட்டச் செய்யும், வளர்ச்சியைக் கெடுக்கும். வேலிமசால் புதராக நிற்கும், காய் ஒல்லியாகக் குச்சி போலிருக்கும். சவுண்டல் மரமாகும், காய் தட்டையாக விரல் அகலம் இருக்கும், பூ வெள்ளைப் பந்தாகப் பூக்கும். காயைப் பார்க்காமல் ஒடிக்காதீர்கள். மா, பலா கிளைகளைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த அனுபவம் போதாது, அதனால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

எதுவானாலும் முதல் நாள் ஓர் இலை மட்டும். மறுநாள் புழுக்கை வழக்கமான அளவில், உருண்டையாக, உலர்ந்திருந்தால் கொஞ்சம் கூட்டலாம். சிறுத்தாலோ குழைந்தாலோ நிறுத்துங்கள். மூன்று மாதம் ஆகாத குட்டிக்குப் புது இலை எதுவும் அவசரம் இல்லை. வெட்டிய தழையைக் கழுவி உதறி, நிழலில் பரப்புங்கள். ஈரத்தோடு குவித்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும், அதைத் தின்றால் வயிறு உப்பும். முயல் சுறுசுறுப்பாகும் சாயங்காலத்தில், சிறுநீர் படாத உயரத்தில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், அதையும் தின்றுவிடும். மிஞ்சிய இலையைக் காலையில் எடுத்துவிட்டுக் குச்சியை மட்டும் விட்டுவையுங்கள்.