திறந்த சுவர், கண்ணாடிச் சுவர், மூடிய சுவர்: பள்ளி வகுப்பறைகள் ஓர் ஒப்பீடு

முப்பது குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் அவர்களின் உடல்களே ஏறத்தாழ 2 கிலோவாட் வெப்பத்தை வெளியிடுகின்றன. அந்த வெப்பத்தையும் அவர்கள் விடும் மூச்சையும் வெளியேற்ற வேண்டும். மேசைமீது கண் கூசாத வெளிச்சமும் விழ வேண்டும். இவ்வளவையும் சாளரச் சுவர் ஒன்றிடமே எதிர்பார்த்ததுதான் பள்ளிக் கட்டடக்கலையின் நெடுநாள் சிக்கல். இருபதாம் நூற்றாண்டு இதற்கு மூன்று விதமாக விடை தேடியது.

முதலாவது திறந்தவெளிப் பள்ளி. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், 1904இல், பெர்லினை ஒட்டிய சார்லொட்டன்பூர்க்கின் காட்டில் நலிந்த குழந்தைகளுக்காக இப்பள்ளி தொடங்கப்பட்டது. மருத்துவத் தேவைக்காகப் பிறந்த இந்தக் கருத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக மாற்றியவர்களுள் கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் நொய்ட்ரா முக்கியமானவர். கலிபோர்னியாவில் 1935இல் அவர் வடிவமைத்த கொரோனா அவென்யூ பள்ளியில், வகுப்பறையின் ஒரு பக்கக் கண்ணாடிச் சுவர் தோட்டத்தை நோக்கி நகர்ந்து திறக்கும். எதிர்ப்பக்கத்தில் உயரமான சாளரங்கள் இருக்கும். அதனால் காற்று அறையைக் கடந்து செல்கிறது, வெளிச்சமும் இருபுறமிருந்தும் வருவதால் நிழல் ஆழமாக விழுவதில்லை.

இரண்டாவது கண்ணாடிப் பள்ளி. இங்கிலாந்தின் ஹன்ஸ்டன்டனில் கட்டடக்கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதியர் வடிவமைத்து 1954இல் முடிந்த பள்ளி, எஃகுச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திய நேர்மையான கட்டுமானத்துக்காகப் புகழ்பெற்றது. ஆனால் அது கோடையில் சூடாகவும் குளிர்காலத்தில் குளிராகவும் இருந்தது. வெளிச்சத்தை மட்டுமே நோக்கிச் சுவரை வடிவமைத்தால் வெப்பம் தன் விலையைக் கேட்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த விலையைக் கொடுக்க மறுத்ததே மூன்றாவது வகை. 1960களில் குளிரூட்டியும் குழல்விளக்கும் பரவலானதும், அமெரிக்காவில் சாளரங்களைச் சிறிதாக்கிய பள்ளிகளும், சாளரமே இல்லாத சில பள்ளிகளும் எழுந்தன. வெப்பநிலை சீராக இருந்தது உண்மை, இரைச்சலும் குறைந்தது. காற்று முழுவதும் இயந்திரத்தின் கையில் இருந்ததால், 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருளை மிச்சப்படுத்த முனைந்தபோது முதலில் குறைந்தது வெளிக்காற்றின் அளவுதான். அமெரிக்கக் காற்றோட்டத் தரநிலை 1981இல் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வரை இறங்கியது. 1989இல் 15 கன அடியாக உயர்த்தப்பட்டது. நெரிசலான அறையின் காற்று கெட்டுப்போவதைக் கரியமில வாயுவின் அளவால் அறியலாம் என்று ஜெர்மானியச் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர் 1858இலேயே சொல்லியிருந்ததை நினைக்கும்போது, இந்தப் பின்னடைவு வேதனை தருகிறது.

இங்கிலாந்தின் வாலசியில் 1961இல் கட்டடக்கலைஞர் எம்ஸ்லி மார்கன் கட்டிய பள்ளி இம்மூன்றிலும் அடங்காதது. சூரிய ஒளி, விளக்குகள், குழந்தைகளின் உடல் வெப்பம் ஆகியவற்றைக் கனத்த கான்கிரீட்டில் தேக்கிச் சூடேறிய கட்டடம் அது. சேர்த்த வெப்பத்தைக் காக்கச் சாளரங்களை அடைத்தே வைக்க நேர்ந்தால், சிக்கனமான அந்த வழியிலும் காற்றுதான் பாதிக்கப்படும்.

என் தேர்வு நொய்ட்ராவின் இருபுறத் திறப்பு. ஆசிரியர் எழுந்து ஒரு கதவை நகர்த்தினால் போதும், அறை மாறிவிடும். எந்திரம் பழுதானாலும் வகுப்பு நடக்கும். ஆனால் வெளிக்காற்றே புழுதியும் புகையுமாக இருக்கும் சாலையோரங்களிலும், கடுங்குளிர் பகுதிகளிலும் இந்த வடிவம் தனித்து நிற்காது. அங்கே வடிகட்டிய காற்றை எந்திரம் தர வேண்டும். அப்போதும் சாளரங்கள் திறக்கக்கூடியவையாகவே இருக்க வேண்டும்.