மைதானமா, தியேட்டரா, மொட்டைமாடியா?

இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரனின் ‘ப்ளே’ ஆல்பம் 2025 செப்டம்பர் 12 அன்று வந்தது. அன்று ராத்திரியே அக்கா மகள் போன் செய்தாள். “மாமா, இந்த டூர் சென்னைக்கு வந்தா நம்ம எல்லாரும் போறோம். இப்பவே சொல்லிட்டேன்” என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெரிய கச்சேரிக்குப் போவது டிக்கெட் எடுப்பதோடு முடிகிற காரியம் இல்லை. சென்னையில் இருப்பவர் டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் போதும். நாம் ரயில், பஸ், அறை வாடகை, போகிற வேலைநாள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ராமநாதபுரம் கரையில் இருக்கிற ஒருவருக்கு மூன்று வழிகள் உண்டு. மைதானத்துக்கே போகலாம். கச்சேரியைப் படமாக்கி வெளியிட்டால் தியேட்டரில் பார்க்கலாம். நேரலை வந்தால் ஊரிலேயே திரை கட்டிப் பார்க்கலாம். மூன்றையும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் செய்து பார்த்திருக்கிறோம். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

சென்னைக்குப் போவது

2025 பிப்ரவரி 5, புதன்கிழமை, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். ‘மேத்தமேடிக்ஸ்’ சுற்றுப்பயணத்தில் புனே, ஹைதராபாத் முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்திருந்தார் எட் ஷீரன். அப்போது பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்று இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. புதுப் பாலம் ஏப்ரல் 6-ஆம் தேதிதான் திறந்தார்கள். அதனால் பஸ்ஸில் தீவை விட்டு வெளியே வந்து ராமநாதபுரத்தில் ரயில் ஏறினேன். இப்போது அந்த அலைச்சல் கிடையாது. ராமேஸ்வரத்தில் ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. எழும்பூரில் இறங்கினால் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, நந்தனத்தில் இறங்கலாம்.

திரும்பி வருவதில்தான் சிக்கல். இப்படிப்பட்ட கச்சேரி முடிய இரவு பத்து மணி ஆகிவிடும். சேது எக்ஸ்பிரஸும் போட் மெயிலும் மாலையிலேயே கிளம்பிவிடும். ஒன்று, அறை எடுத்துத் தங்கி மறுநாள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கூட்டத்திலேயே நகர்ந்து, கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்து, நள்ளிரவுக்கு மேல் தென்மாவட்ட பஸ் பிடிக்க வேண்டும். நான் பஸ்ஸில் வந்தேன். சுமார் 550 கிலோமீட்டர் உட்கார்ந்தபடி. மறுநாள் வேலை பார்க்க முடியவில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் தங்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவுக்கும் அங்கே என்ன கிடைத்தது?

மேடையில் பெரும்பாலும் ஒரே ஆள். கையில் கிடார், காலடியில் லூப் மிஷின். முதலில் கிடாரின் உடம்பில் தட்டி ஒரு தாளம் எடுக்கிறார். காலால் மிதித்ததும் அது பதிவாகித் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதன் மேல் கிடாரின் ஒரு துண்டு, அதன் மேல் அவர் குரலே கோரஸாக, அதற்கும் மேலே இன்னொரு குரல். எல்லாம் நம் கண் முன்னால் அப்போதே சேருகிறது. ஐந்து நிமிஷத்தில் ஒற்றை ஆள் ஒரு குழுவாகிவிடுகிறார். பாட்டு முடிந்ததும் அத்தனையும் அழிந்து, அடுத்த பாட்டு மறுபடி வெறும் தட்டலிலிருந்து தொடங்குகிறது.

எனக்கு அந்த இடத்தில் கரைவலை இழுப்பு ஞாபகம் வந்தது. தாத்தா காலத்தில் வலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், கயிறு பிடித்திருக்கிற மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த எதிர்க்குரல் வந்தால்தான் கை ஒன்றுபோல இழுக்கும். வாங்கிப் பாட ஆள் இல்லாத ஒருவர், எல்லாக் குரலையும் தானே போட்டுக்கொண்டு அம்பா பாடினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்த மேடை. ஆனால் கீழே நின்ற கூட்டம் பாட ஆரம்பித்த பிறகு அவருக்கு மிஷினே தேவைப்படவில்லை என்று தோன்றியது. அப்புறம் ஏ.ஆர்.ரஹ்மான் மேடைக்கு வந்தார். எட் ஷீரனின் பாட்டும் ரஹ்மானின் ‘ஊர்வசி’யும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தபோது மைதானம் முழுக்கத் தமிழில் பாடியது. என் பக்கத்தில் நின்றவர் யாரென்றே எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு பாடினோம்.

இது எல்லாப் பாடகருக்கும் எல்லா ஊரிலும் நடக்காது. சென்னை என்பதால் நடந்தது.

குறையும் சொல்ல வேண்டும். குறைந்த விலை டிக்கெட் என்றால் நிற்க வேண்டும். பாடகரைவிடத் திரையைத்தான் அதிகம் பார்ப்போம். சத்தமும் தூரத்தால் மாறும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால், மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கால் நொடிக்கு மேல் தாமதமாகத்தான் கேட்கும். அதைச் சரிக்கட்ட நடுவில் கோபுரம் போல ஸ்பீக்கர் நிறுத்துவார்கள். நம் ஊர்த் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டியை வைத்து ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அதே போல் இங்கும் ஓர் இடம் இருக்கும். அவர் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் சத்தத்தை அமைக்கிறார். அதனால் முன்னால் போய் நெருக்கியடிப்பதைவிட அந்த இடத்தை ஒட்டி நிற்பது எவ்வளவோ மேல். சீக்கிரம் போய்விடுவதும் முக்கியம். 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ரஹ்மான் கச்சேரியில், டிக்கெட் கையில் இருந்தும் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மும்பை, அகமதாபாத் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சில பாடகர்கள் அந்தப் பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். துவா லிபா 2024 நவம்பர் 30 அன்று மும்பையில் பாடியது போல. மதுரை போய் விமானம் ஏறி, அந்த ஊர் வாடகையில் தங்கி ஒரு ராத்திரி பார்ப்பதற்கு ஆகும் பணத்தில் ஒரு குடும்பமே சென்னை போய் வரலாம். நான் போகச் சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் வேறு கதை. கீழக்கரை, தொண்டிப் பக்கம் பல வீடுகளுக்கு அங்கே சொந்தம் உண்டு. தங்க ஒரு வீடும், கூட வர ஒரு மச்சானும் இருந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

தியேட்டரில் கச்சேரிப் படம்

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஈராஸ்’ சுற்றுப்பயணம் 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்தது. 149 கச்சேரிகள், ஒரு கோடிக்கு மேல் ரசிகர்கள், டிக்கெட்டில் மட்டும் 200 கோடி டாலருக்கு மேல் வசூல். அவ்வளவு பெரிய பயணம் இந்தியாவுக்கு வரவே இல்லை. நமக்கு அருகில் என்றால் 2024 மார்ச்சில் சிங்கப்பூரில் ஆறு இரவுகள்தான். ஆகவே இங்கே இருப்பவர்களுக்கு அந்தப் படம்தான் வழி. 2023 நவம்பர் 3 அன்று இந்தியாவில் வெளியானது. அக்கா மகள் அப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள், தோழிகளோடு போய்ப் பார்த்தாள்.

“முகம் நல்லா தெரிஞ்சுது மாமா, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு” என்றாள். மைதானத்தில் எனக்குக் கிடைக்காதது அது. சத்தம் சீராக இருக்கும், நாற்காலி உண்டு, செலவு ஒரு சினிமா டிக்கெட். ஆனால் தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து ஆட, பாதிப் பேர் மறைக்கிறது என்று முணுமுணுத்தார்களாம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் எப்போதோ எடுத்து வெட்டி ஒட்டியது என்பதால், நாம் பாடினாலும் அந்தப் பக்கம் கேட்கிற ஆள் கிடையாது. அதைவிட, இந்த மாதிரிப் படங்கள் பெருநகர மல்டிபிளெக்ஸ்களை நம்பித்தான் வெளியாகின்றன. அதற்காகவும் நாம் ஊர் விட்டுப் போக வேண்டும் என்றால், பாதித் தூரம் போனவர்கள் மீதித் தூரமும் போய்க் கச்சேரியையே பார்த்துவிடலாம். ஏற்கெனவே அந்த ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் இது நல்ல வழி.

மொட்டைமாடி

இதைத்தான் நான் அதிகமாக நினைத்துப் பார்க்கிறேன்.

கோல்ட்பிளே தனிப் பாடகர் இல்லை, இங்கிலாந்து இசைக்குழு. இருந்தாலும் ஒப்பிட அதுதான் சரியான உதாரணம். 2024 செப்டம்பரில் அவர்களுடைய மும்பைக் கச்சேரிக்கு டிக்கெட் விற்றபோது இணைய வரிசையில் ஒரு கோடிக்கு மேல் ஆட்கள் நின்றார்கள். 2025 ஜனவரி 26 அன்று அகமதாபாத் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ரசிகர்கள். அந்த இரவை ஹாட்ஸ்டாரில் நேரலையாகக் காட்டினார்கள்.

எங்கள் தெருப் பையன்கள் ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கி வந்தார்கள். மாடியில் கொடிக்கம்பிக்கு இடையில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினோம். தை மாதத்துக் காற்றில் அது பாய் மாதிரி உப்பியது. கீழே செங்கல் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் படம் நின்றது. நெட் மூன்று தடவை சுற்றிச் சுற்றி நின்றது. அன்று ஞாயிறு, மறுநாள் திங்கள், விசைப்படகு கடலுக்குப் போகிற நாள். அப்படியும் கடலுக்குப் போகிறவர்கள் ஒரு பத்துப் பேர் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள். இங்கிலீஷ் புரியாத ஆச்சிகூட மைதானத்தில் எல்லோர் கையிலும் மினுங்கிய வெளிச்சத்தைப் பார்த்து, “கார்த்திகைக்கு ஏத்துன மாதிரி இருக்குய்யா” என்றார்.

அம்மாதான் சொன்னாள், இலங்கை வானொலியை இப்படித்தான் கேட்பார்களாம். தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து 30 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். சென்னை நிலையத்தைவிடக் கொழும்பு துல்லியமாக எடுக்கும். தெருவில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் போதும், திண்ணை நிறைந்துவிடும். தூரத்துப் பாட்டைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்பது இந்தக் கரையில் பழைய வழக்கம். மொட்டைமாடியை ஏதோ போக முடியாதவர்களின் ஆறுதல் என்று நினைத்திருந்தேன். அம்மா சொன்ன பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

செலவும் ஒன்றுமில்லை. சந்தா ஒரு வீட்டில் இருந்தால் போதும். முறுக்கும் டீயும் ஆளுக்கொரு வீட்டிலிருந்து வந்துவிடும். குறை என்றால், நேரலை தருவது அவர்கள் இஷ்டம். எல்லாச் சுற்றுப்பயணத்துக்கும் அது வராது. எட் ஷீரன் சென்னைக்கு வந்த இரவை மாடியில் பார்க்க வழி இருக்கவில்லை.

எனக்கு எது சரி என்று படுகிறது

பாடகரை எவ்வளவு பக்கத்தில் பார்க்கிறோம் என்பதை வைத்து அளந்தால் தியேட்டர்தான் ஜெயிக்கும். நான் அதை வைத்து அளக்க மாட்டேன். நம்மைச் சுற்றி யார் குரல் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் சென்னை முதலில், மொட்டைமாடி அதற்கு வெகு அருகில் இரண்டாவதாக. தியேட்டர் மூன்றாவது. யாரையும் தெரியாத ஊரில், கடன் வாங்கிய பணத்தில், கடைசி வரிசையில் நிற்கிற மும்பைக் கச்சேரி எனக்குப் பட்டியலிலேயே இல்லை.

ஒரே ஒரு விஷயம், கடல் தொழில் வீடுகளுக்கு. இந்தியாவில் திறந்தவெளிக் கச்சேரிகள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வெயில் இல்லாத காலத்தில்தான் நடக்கின்றன. நமக்கு ஓய்வு கிடைப்பதோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில். அப்போது நேரம் உண்டு, கையில் காசு இருக்காது. கச்சேரிக் காலத்தில் காசு புரளும், ஆனால் ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அதுவும் நஷ்டம். ஆகவே போக நினைப்பவர்கள் தடைக்காலம் முடிந்து படகு இறங்கியதுமே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் ஒரு டப்பாவில் போட்டு வருகிறோம்.

‘ப்ளே’க்கான சுற்றுப்பயணம் 2026 ஜனவரியில் நியூசிலாந்தில் தொடங்கிவிட்டது. பெயரே ‘லூப்’. அரிஜித் சிங் சேர்ந்து பாடிய பாட்டும் ஆல்பத்தில் இருக்கிறது, அக்கா மகள் அதைப் பாடாத நாள் இல்லை. சென்னைத் தேதி ஒன்று அறிவித்தார்கள் என்றால், கச்சேரி டிக்கெட் மாதக்கணக்கில் முன்னாலேயே விற்கும். ரயில் முன்பதிவோ 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும். அதனால் எங்கள் திட்டம் இது: முதல் நாளே கச்சேரி டிக்கெட், அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு சேது எக்ஸ்பிரஸில் நான்கு படுக்கை, திரும்ப வருவதற்கு மறுநாள் சாயங்கால ரயில். நான்காவது படுக்கை அம்மாவுக்கு. “அந்த ஒத்தைப் பையன் எப்படி எல்லாருக்குமா பாடுறான்னு பார்க்கணும்” என்கிறாள்.