ஜிப்சம் தடுப்புச் சுவர்: திருகியது அழகு, பூசியது அவசரம்

மேடவாக்கத்தில் எங்கள் முதல் வீடு. மாடி அறையை இரண்டாகப் பிரிக்க ஜிப்சம் போர்டு (இருபுறமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை) வைக்கச் சொன்னோம். வந்த இருவர் தூக்குக்குண்டு பிடித்துத் தகரச் சட்டங்களை நிறுத்தி, 12.5 மி.மீ. பலகைகளை ஒரே நாளில் திருகி முடித்தார்கள். ஒரு திருகாணித் தலைகூட மேல்காகிதத்தைக் கிழிக்கவில்லை; துளியளவு உள்ளே அமுங்கியிருந்தது. அந்தக் கைநேர்த்திக்கு முழு மதிப்பெண்.

பலகைகள் சேரும் இணைப்புகளில்தான் கோட்டை விட்டார்கள். விரிசல் விடாமல் தடுக்கும் காகித நாடாவை அவர்கள் ஒட்டவேயில்லை. இணைப்பை மூடும் முதல் பூச்சு காயுமுன் அடுத்ததை இழுத்தார்கள். ஐப்பசி ஈரத்தில் அது எப்படிக் காயும்? கார்த்திகை தீபத்துக்குள் நெடுக விரிசல்.

குளியலறைப் பக்கம் ஈரம் தாங்கும் பச்சைப் பலகை கேட்டிருந்தேன். சாதாரணப் பலகையை வைத்துவிட்டு, "பெயின்ட் அடித்தால் தெரியாதும்மா" என்றார் மேஸ்திரி. எனக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியுமே! சண்டை போட்டு மாற்றவைத்தேன். விரிசலைச் சரிசெய்ய இன்னும் ஆள் வரவில்லை.