கடின எஃகு டைக்கு எது சரி: வயர்கட்டா, ஸ்பார்க் எரோஷனா, மில்லிங்கா?

டை என்பது உலோகத்தை வெட்டவோ வடிவமைக்கவோ உதவும் அச்சு. அதற்குப் பயன்படும் டி2 என்ற கருவி எஃகை ஹார்டனிங் செய்துவிட்டால், அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கினால், கடினத்தன்மை ராக்வெல் சி அளவுகோலில் 60 வரை ஏறிவிடும். அதன்பிறகு அதில் டை வெட்ட என்ன வழி? வடிவம் தகட்டை ஊடுருவிப் போகிறதா, பாதியில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஊடுருவும் வடிவம் என்றால் வயர்கட்டுக்குப் போட்டியே இல்லை. பெரும்பாலும் 0.25 மி.மீ. பித்தளைக் கம்பி, சுற்றிலும் அயனி நீக்கிய நீர். கம்பி உலோகத்தைத் தொடுவதில்லை, இடையில் பாயும் மின்பொறிதான் அரிக்கிறது. ஆகவே எஃகு எவ்வளவு கடினமானாலும் கவலையில்லை. ஓடிய கம்பி மறுபடி உதவாது என்பதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடி மூடிய குழிக்குள் கம்பி போகாது. அங்கே ஸ்பார்க் எரோஷன்: குழியின் எதிருருவை (எலெக்ட்ரோடு) செம்பிலோ கிராஃபைட்டிலோ செய்து, எண்ணெய்க்குள் எஃகின்மேல் இறக்குவார்கள்; இங்கும் மின்பொறிதான் அரிக்கிறது. மணிக்கூலியை மட்டும் பார்த்து இதை மலிவு என்று எண்ணுவது பெரும் தவறு. எலெக்ட்ரோடு செய்வதே தனி வேலை. அதன் முனைகளும் தேயும், ஃபினிஷிங்குக்குப் புதிது வேண்டும்.

சுழலும் பூச்சிட்ட கார்பைடு கட்டரால் நேரடியாகச் செதுக்கினால், அதாவது மில்லிங் செய்தால், எலெக்ட்ரோடே வேண்டாம், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் கட்டரின் ஆரத்தைவிடக் கூரான உள்மூலை கிடைக்காது. ஒல்லியான கட்டரை ஆழத்துக்கு நீட்டினால் அதிரும்.

நான் மில்லிங் பக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணம் உண்டு.  வயர்கட்டிலும் ஸ்பார்க் எரோஷனிலும் பாயும் மின்பொறியின் வெப்பம் 8,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். உருகிய உலோகத்தில் ஒரு பங்கு அங்கேயே உறைந்து, நொறுங்கும் தன்மையுள்ள வெண்படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதில் நுண்விரிசல்கள் இருக்கும். அடி வாங்கும் டை அங்கிருந்தே பிளக்கத் தொடங்கலாம். வயர்கட்டில் குறைந்த சக்தியில் இரண்டு மூன்று முறை மேலோட்டமாக ஓட்டினால் படலம் வெகுவாகக் குறையும். ஸ்பார்க் எரோஷனில் பாலிஷ் செய்தே அகற்ற வேண்டும்.

எனவே குழி வேலையில் மில்லிங்கால் எட்டும் வரை எடுத்துவிட்டு, மூலைகளுக்கு மட்டும் எலெக்ட்ரோடு இறக்குங்கள். டங்ஸ்டன் கார்பைடு டையை வயர்கட்டுக்குக் கொடுத்தால், மின்னாற்பகுப்பைத் தடுக்கும் மின்வழங்கி இயந்திரத்தில் உள்ளதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால், கார்பைடு துகள்களைப் பிணைக்கும் கோபால்ட் தண்ணீரில் கரைந்து விளிம்பு வலுவிழக்கும்.