முதுகில் ஏர்பேக்கா, மார்பில் டிரான்ஸீவரா?

காஷ்மீரின் குல்மார்க் கோண்டோலா என்னும் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் உங்களை அஃபர்வாட் மலைத்தோளில், ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பனிச்சறுக்குக் காவலர்கள் கண்காணிக்கும் எல்லையைத் தாண்டிச் சறுக்குபவர்களுக்குத்தான் இந்த அலசல். 2023 பிப்ரவரியில் ஹபத்குத்தில் போலந்துக்காரர்கள் இருவர், 2024 பிப்ரவரியில் கிலன்மார்கில் ரஷ்யர் ஒருவர் என அந்த மலையின் பனிச்சரிவுகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் உயிர் வாங்கியிருக்கின்றன. கையில் இருக்கும் காசுக்கு எதை முதலில் வாங்குவது: பனிச்சரிவில் காற்றடைத்து விரியும் முதுகுப்பையான ஏர்பேக்கையா, புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ சிக்னல் கருவியான டிரான்ஸீவரையா?

ஏர்பேக்கின் கவர்ச்சி புரிகிறது. பிடியை இழுத்தால் சில நொடிகளில் 150 லிட்டர் அளவுக்குப் பை விரியும். மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் தூள் அடியில் போய்க் கடலை மேலே நிற்குமே, அதே கதைதான்: ஓடும் பனியில் உருவில் பெரியது மேலே வரும். 2014-ல் வெளியான ஆய்வொன்றின்படி, பலமாகச் சிக்கியவர்களில் பை விரியாதபோது 22 சதவீதமாக இருந்த சாவு, விரிந்தபோது 11 ஆகக் குறைந்தது. பாதிக்குப் பாதி, பெரிய விஷயம். ஆனால் அதே ஆய்வில் ஐந்தில் ஒருவருக்குப் பை விரியவேயில்லை; அவர்களில் பாதிப்பேருக்கு மேல் பிடியை இழுக்கவே இல்லை. மரமும் பாறையும் இருக்கும் சரிவில் பை அவ்வளவாக உதவாது. மேற்குக் கனடாவில் 1984 முதல் 2005 வரை பனிச்சரிவில் இறந்தவர்களை ஆராய்ந்தபோது ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அடிபட்ட காயத்தால் இறந்திருந்தார். ஸ்ரீநகருக்கு விமானத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: வாயு சிலிண்டரால் விரியும் வகைக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். மின்விசிறியால் விரியும் மின் வகையில் அந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல்.

டிரான்ஸீவரைத் தனியாக எடைபோடக் கூடாது. அது புரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) இரண்டோடும் சேர்ந்த ஒரே கருவி. உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் என்பதால் எந்த நிறுவனத்துடையதும் எதையும் கண்டுபிடிக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றிச் சிக்னலை நெருங்குவார்கள், புரோப்பால் குத்திப் பார்ப்பார்கள், பிறகு தோண்டுவார்கள். தோண்டுவதுதான் அதிக நேரம் தின்னும். சரிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டர் 300 முதல் 500 கிலோ வரை இருக்கும். பிளாஸ்டிக் ஷவல் அங்கே உடையும், உலோகமே வேண்டும். புதைந்தவரை உயிரோடு எடுக்க 1994-ல் வெளியான சுவிஸ் கணக்கு 15 நிமிட அவகாசம் சொன்னது. 2024-ல் வந்த புதிய ஆய்வு அதை 10 ஆகச் சுருக்கிவிட்டது: அதற்குள் எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள், அரை மணிக்குப் பிறகு மூவரில் ஒருவரே.

எனக்கு முடிவைத் தந்தது இந்த வேறுபாடுதான். ஏர்பேக் மாட்டியவரை மட்டும் காக்கும். டிரான்ஸீவர் செட் நீங்கள் உங்கள் கூட்டாளிக்காகச் சுமப்பது. நீங்கள் புதைந்தால் அவர் சுமந்து வந்ததுதான் உங்களுக்கு உயிர். ஒரு நல்ல மின் ஏர்பேக்கின் விலையில் இரண்டு பேருக்கு அந்த மூன்றும் வாங்கலாம். ஆகவே குழுவில் ஒவ்வொருவரிடமும் செட் வந்து சேரும்வரை ஏர்பேக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஜாக்கெட்டில் தைத்துவரும், தேடும் கருவியின் சிக்னலைத் திருப்பி அனுப்பும் ரெக்கோ பிரதிபலிப்பானை இந்தப் போட்டியில் சேர்க்கவே மாட்டேன். அதைத் தேடும் கருவி மீட்புக் குழுவிடம்தான் இருக்கும். அவர்கள் வந்து சேரும்போது பத்து நிமிடம் போயிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன சாய்வுமானி வாங்குங்கள். பலகையாகப் பிளந்து ஓடும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. 30-க்குக் கீழே நின்றாலும் தலைக்கு மேலே செங்குத்தான முகடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

முதல் நாள் காலையில் ஒரு டிரான்ஸீவரைப் பையில் போட்டுப் பனியில் புதைத்து, மாற்றி மாற்றித் தேடிப் பழகுங்கள். சிக்னல் குழம்பாமல் இருக்கக் கைபேசி அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; தேடும்போது 50 செ.மீ.